பன்னீர், தாழம்பூத் தண்ணி, மல்லித் தண்ணி: மூஞ்சிக்கும் முடிக்கும் எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்டுல மல்லி நாத்து போடுறோம். ராமேஸ்வரம் தீவுல இருக்குற எங்க தங்கச்சிமடத்துல நெறைய பேருக்கு அதுதான் பொழப்பு, இங்கருந்து போற நாத்துதான் மதுரைப் பக்கம் பூவா பூத்து பேரும் வாங்கிக்குது, அது வேற கதை. நான் கொஞ்ச வருஷமா சொந்தக்காரங்களுக்கும் எங்க தெருவுக்கும் மட்டும் பன்னீர் வடிச்சுக் குடுக்குறேன், கடை கிடையெல்லாம் இல்ல. வாங்குறவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, ஆளாளுக்கு சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

பன்னீரும் ரோஸ் வாட்டரும் ஒண்ணா?

ஒண்ணுதான். பனி மாதிரி சொட்டுச்சொட்டா எறங்குற நீர், அதான் பன்னீர். பூவையும் தண்ணியையும் சேத்துக் கொதிக்க விட்டா ஆவி பூவோட வாசத்தையும் தூக்கிட்டு மேல வரும், அந்த ஆவிய குளுர வச்சா திரும்பத் தண்ணியாகும், அந்தத் தண்ணிதான். பெரிய பட்டறையில இத வடிக்கும்போது மேல மெல்லிசா எண்ணெய் மிதக்கும், அத வழிச்சு அத்தருக்கும் சென்ட்டுக்கும் எடுத்துருவாங்க, 1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3000 கிலோவுக்கு மேல பூ வேணும்னா வெலைய நீங்களே யோசிச்சுக்கங்க. கீழ நிக்கிற தண்ணிதான் பன்னீர். அதுலயும் வாசனைப் பொருள் ஆயிரத்துல ஒரு பங்கு இருந்தாலே பெருசு. உத்தரப்பிரதேசத்துல கன்னோஜ்ங்கிற ஊர்ல இன்னைக்கும் செம்புப் பானையில வெறகு எரிச்சு மூங்கில் குழாய் வழியா வடிக்கிறாங்க.

இன்னொண்ணு, திருச்செந்தூர்ல விபூதி வச்சுக் குடுக்குற பன்னீர் இலை வேற மரம், ஹோட்டல்ல கேக்குற பனீர் பாலாடைக்கட்டி. ரெண்டையும் என்கிட்ட கேட்ட ஆள் இருக்கு, அதான் சொல்றேன்.

இதுல வைட்டமின் சி இருக்கு, அது இருக்கு இது இருக்குன்னு போடுறாங்களே?

இந்த ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கலாம்: ஆவியில ஏறுறது மட்டும்தான் பூத்தண்ணியில வரும். வாசம் ஏறும். கலர் ஏறாது, கொழகொழப்பு ஏறாது, தொவர்ப்பு ஏறாது, வைட்டமின் சி ஏறாது. அதனால ரோஸ் கலர்ல ஒரு பாட்டில் இருந்துச்சுன்னா அது சாயம், நெசப் பன்னீர் பச்சத்தண்ணி மாதிரிதான் தெளிவா இருக்கும். செம்பருத்தித் தண்ணினு ஸ்ப்ரே பாட்டில்ல விக்கிறாங்க பாருங்க, செம்பருத்திய நாம தலைக்குப் போடுறதே அந்த வழுவழுப்புக்குத்தான், அது ஆவியில வரவே வராது, அதுக்கு இலையப் பறிச்சு கையால கசக்கிப் போடுங்க காசு மிச்சம். ஆவாரம்பூவும் அப்படித்தான், நம்ம கரிசக்காட்டுல சும்மா பூத்துக் கெடக்கு, பொடி பண்ணித் தேச்சுக் குளிக்கலாம், வடிச்சா ஒண்ணும் தேறாது.

அக்கா, நம்ம ஊரு உப்புத் தண்ணியில வடிச்சா பன்னீரும் உப்புக் கரிக்குமா?

கரிக்காது! எனக்கே மொத தடவ ஆச்சரியமா இருந்துச்சு. உப்பு ஆவியாகாது, பானையிலயே தங்கிரும், வர்ற சொட்டு நல்ல தண்ணிதான். கொதி ஜாஸ்தியாகி பானைத் தண்ணி உள்ள இருக்குற கிண்ணத்துல தெறிச்சாத்தான் கரிக்கும், அதனால அடுப்ப சிம்ல வைக்கணும். ஆனாலும் நான் போர் தண்ணி ஊத்துறதில்ல, அடியில வெள்ளையா காரை மாதிரி பிடிச்சிக்கிது தேச்சுத் தேச்சு கை போகுது. காவேரித் தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு குடம் எடுத்து வச்சுக்குவேன், இல்லன்னா மணல்ல தோண்டுன ஊத்துத் தண்ணி.

வீட்டுல எப்படி வடிக்கிறது?

பெரிய இட்லிக் குண்டான் போதும். நடுவுல ஒரு செங்கல் துண்டையோ சின்ன ஸ்டாண்டையோ நல்லாக் கழுவி வச்சு அது மேல ஒரு சில்வர் கிண்ணம். சுத்தி இதழும் தண்ணியும், கால் கிலோ இதழுக்கு நான் ஒரு லிட்டர் ஊத்துவேன், தண்ணி செங்கல்லத் தாண்டி கிண்ணத்தத் தொடக்கூடாது. மூடியத் தலைகீழாப் போடணும், குமிழ் நேரா கிண்ணத்துக்கு மேல வர்ற மாதிரி. மூடி மேல ஐஸ். ஆவி மேல போயி குளுந்த மூடியில பட்டு குமிழ் வழியா கிண்ணத்துல சொட்டும். ஐஸ் உருகுனா ஒரு டம்ளரால மோந்து ஊத்திட்டு புது ஐஸ் போடணும். எங்க வீட்டுல மீனுக்கு வாங்குன ஐஸத்தான் ஒரு நாள் போட்டேன், ஐஸ் மூடிக்கு வெளிய தானே உள்ளயா போகுதுன்னு நெனச்சேன், மோக்கும்போது ஒரு கை தவறி கிண்ணத்துல ரெண்டு சொட்டு விழுந்துருச்சு. ரோஜாவும் சாளை மீனும் கலந்த வாசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேணாம்.

300 லருந்து 400 மில்லி வந்ததும் நிறுத்திருங்க. அதுக்கு மேல சொட்டுறதுல வாசம் இருக்காது, வெந்த கீரை வாடைதான். ஆசப்பட்டு கடைசிவரைக்கும் புடிச்சிங்கன்னா மொதல்ல வந்த நல்லதும் சேந்து கெட்டுரும்.

எந்த ரோஜா?

பன்னீர் ரோஜான்னே விக்கிற நாட்டு ரோஸ், லேசான ரோஸ் கலர்ல இதழ் பொலபொலன்னு உதிருமே அது. பொக்கேல வைக்கிற நீளக்காம்பு ரோஜாவுல மணமே கிடையாது, பூவுல இல்லாதது பாட்டில்ல எங்கருந்து வரும். அதோட மார்க்கெட் பூவுல மருந்து நெறைய அடிச்சிருப்பாங்க. மாலைக்குப் பரவால்ல, மூஞ்சிக்கு வேணாம். ரெண்டு தொட்டி நீங்களே வளத்துக்கறது நல்லது, உப்புக்காத்து நேரா அடிக்காம சொவரு மறவுல வைங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிச்சிரணும்.

இவ்வளவு மல்லி வச்சிருக்கீங்க, மல்லித் தண்ணி ஏன் குடுக்க மாட்டேங்குறீங்க?

நாலு தடவ வடிச்சுப் பாத்துட்டேன். மல்லி ஒரு தினுசான பூ, பறிச்ச பெறகும் மொட்டு உசுரோட இருந்து ராத்திரி விரியும்போதுதான் மணத்த விடும், அத கொதிக்கிற தண்ணியில போட்டா செத்துரும், கஞ்சி வாடை மாதிரி ஏதோ ஒண்ணு வரும். அதனாலதான் சென்ட் கம்பெனிக்காரங்க மல்லிய ஆவியில வடிக்காம ஒரு கரைப்பான ஊத்தி மெழுகு மாதிரி எடுக்குறாங்க, தமிழ்நாட்டுலயே அந்த ஃபேக்டரி எல்லாம் இருக்கு. அந்தக் காலத்துல வடக்க எள்ளையும் மல்லியையும் அடுக்கடுக்கா பரப்பி, எள்ளு மணத்தக் குடிச்சதும் செக்குல ஆட்டி எண்ணெய் எடுத்துருக்காங்க. ரோஜா வாசத்துல பெரிய பங்கு தண்ணியில சுலபமா கரையும், மல்லி வாசம் எண்ணெயத்தான் தேடும். அதனால மல்லின்னா எண்ணெய், ரோஜான்னா தண்ணி.

சும்மா ஆசைக்குன்னா ராத்திரி ஆறவச்ச தண்ணியில ஒரு கைப்பிடி மொட்டப் போட்டு மூடி வச்சு காலையில வடிகட்டி தலைக்குளிச்ச பெறகு கடைசியா ஊத்திக்கலாம். அன்னைக்கே காலி பண்ணிரணும்.

தாழம்பூ?

தாழம்பூத் தண்ணிக்குப் பேரு போனது ஒடிசாவுல கஞ்சாம் ஜில்லா, கேவ்டான்னு சொல்லுவாங்க, ஆண் பூவத்தான் எடுப்பாங்க. நம்ம கடலோரத்துலயும் தாழம் புதர் உண்டு, முந்தி கல்யாணப் பொண்ணுக்கு தாழம்பூ வச்சு சடை தைப்பாங்க, எங்க அப்பத்தா சேலைப் பெட்டியில ஒரு மடல் எப்பவும் கெடக்கும். முடிக்கு லேசாத் தெளிச்சா ஒரு நாள் பூரா வாசம் நிக்கும், மூஞ்சிக்கு நான் சொல்ல மாட்டேன் காரமான வாசம், தலைவலிக்காரங்களுக்கு ஆகாது. கீழக்கரையில ஒரு லாத்தா பிரியாணிக்கு வாங்குன கேவ்டா எசன்ஸ தலையில தடவிட்டு வந்தாங்க. எசன்ஸ் வேற, தண்ணி வேற, எசன்ஸ் சமையலுக்கே சொட்டுக்கணக்கு.

கல்யாண வீட்டுல தெளிக்கிற பன்னீர மூஞ்சிக்குப் போடலாமா?

வேணாம். பன்னீர்ச் செம்புல ஊத்தி வாசல்ல தெளிக்கிறது, சந்தனக்கூட்டுக்குத் தெளிக்கிறதெல்லாம் பெரும்பாலும் தண்ணியில சென்ட்டக் கலந்தது. சட்டையில படலாம், அவ்வளவுதான். கடையில வாங்குறதா இருந்தா முன்னாடி இருக்குற ரோஜாப் படத்தப் பாக்காம பாட்டிலத் திருப்பி பின்னாடி பொடி எழுத்தப் படிங்க. ரோசா டமஸ்கேனா ஃப்ளவர் வாட்டர், இல்ல டிஸ்டிலேட்னு மொதல் பேரா இருந்தா சரி. மொதல்ல அக்வா (வெறுந்தண்ணி), அப்பறம் ஃபிராக்ரன்ஸ் (சென்ட்டு), அப்பறம் ஒரு கலர் நம்பர்னு இருந்தா அது வாசத்தண்ணி. தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, லைசென்ஸ் நம்பர் இல்லாத பாட்டில எடுக்கவே எடுக்காதீங்க.

பிரிசர்வேட்டிவ், அதான் கெடாம இருக்கச் சேக்குற பொருள், இருக்குன்னு பயப்படுறவங்களுக்கு அடுத்த பதில்.

எத்தனை நாள் வச்சுக்கலாம்?

இதுல நான் பட்ட பாடு. என் சித்தி மக நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு பாட்டில் குடுத்தேன், ஏற்கனவே 3 வாரம் ஆன பன்னீர், பாக்க தெளிவா இருந்துச்சு வாசமும் இருந்துச்சு, நடுவுல ரெண்டு நாள் கரன்ட் இல்லாம ஃப்ரிட்ஜு சும்மா கெடந்தத நான் கணக்குலயே எடுத்துக்கல. ஷேவிங் பண்ண மாதிரி புருவத்த எடுத்துட்டு அந்தப் பன்னீராலயே நெத்தியத் தொடச்சிருக்கா. மறுநாள் நெத்தி பூரா பொரிப்பொரியா சீழ் கோத்துருச்சு. தோல் டாக்டர் பாத்து மருந்து குடுத்து நிச்சயத்துக்கு வடு தெரியாம மேக்கப் போட்டு ஒப்பேத்துனோம், சித்தி இன்னைக்கும் அத சொல்லிக்காட்டும், சொல்லட்டும், தப்பு என்னோடது.

பூத்தண்ணி சுத்தமான தண்ணிதான், ஆனா கிருமியக் கொல்ற சக்தி அதுல கெடையாது, அதுல இருக்குற கொஞ்ச பூச்சத்தே கிருமிக்கு சாப்பாடு. கெட்டுப்போனா நூல் நூலா மிதக்கும், புளிச்ச வாடை வரும், ஆனா எல்லா நேரமும் கண்ணுக்குத் தெரியாது, அதான் ஆபத்து. இப்ப என் சட்டம் இதுதான்: கண்ணாடி பாட்டில 10 நிமிஷம் கொதிக்க வச்சு காயவிட்டு ஊத்தணும், சின்னச் சின்ன பாட்டிலா, ஃப்ரிட்ஜுல ஒரு வாரம், அதுக்கு மேல செடிக்கு. ஃப்ரிட்ஜ் இல்லையா, அன்னைக்கே முடிச்சிரணும், நம்ம ஊரு சூட்டுல மறுநாள்ங்கிறதே கெடையாது. பாட்டிலுக்குள்ள வெரல விடாதீங்க, பஞ்ச பாட்டில் வாயில வச்சுக் கவுக்காதீங்க, ஸ்ப்ரே மூடி நல்லது. மாசக்கணக்குல வேணும்னா பிரிசர்வேட்டிவ் போட்ட கம்பெனி பன்னீரே வாங்குங்க. பிரிசர்வேட்டிவ் இல்லன்னு பெருமையா போட்டுட்டு 2 வருஷம் தேதி குடுக்குற பாட்டிலத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மூஞ்சிக்கு எப்படிப் போடணும்? நெசமா என்ன பண்ணும்?

மூஞ்சியக் கழுவிட்டு ஈரத்தோட பன்னீர ரெண்டு தடவ ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு, காயுறதுக்கு முன்னாடி மாய்ஸ்சரைசரோ ரெண்டு சொட்டு தேங்காண்ணெயோ தடவணும். அந்தக் கடைசி வேலைய நெறைய பேரு விட்டுர்றாங்க. வெறுந்தண்ணி காஞ்சா தோலும் சேந்து காயும், பன்னீரும் தண்ணிதானே.

நம்ம ஊருல இதுக்கு தனியா ஒரு உபயோகம் உண்டு. போர் தண்ணியில சோப்பு போட்டா நுரையே வராது, சுண்ணாம்புச்சத்து சோப்போட சேந்து தோல்ல ஒரு படலமா ஒட்டிக்கும், மூஞ்சி இழுக்குற மாதிரி இருக்கும். பஞ்சுல பன்னீர நனச்சு தொடச்சா அது வந்துரும், பஞ்சப் பாருங்க தெரியும். சோப்பு காரம், பன்னீர் லேசான புளிப்புத் தன்மை, தோலும் அப்படித்தான், அதனால தொடச்சதும் எதமா இருக்கும். அவ்வளவுதான் அதோட வேல. மொதல் தடவ போடுறவங்க முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாத்துட்டு போடுங்க, ரோஜா சில பேருக்கு ஒத்துக்காது.

முல்தானிமட்டியோட கலக்குறதுன்னா எண்ணெய் வடியுற மூஞ்சிக்கு வாரம் ஒருக்கா போதும், வெடிக்கிற அளவு காயவிடாதீங்க. கச்சான் காத்து மண்ண வாரி அடிக்கிற ஆடி மாசத்துல மட்டியே வேணாம், அப்ப பத்துப் பங்கு பன்னீருக்கு ஒரு பங்கு கிளிசரின் கலந்து ராத்திரி மட்டும் தடவுங்க. பகல்ல தடவிட்டு வெளிய போனா கடக்கர மண்ணு பூரா மூஞ்சிலதான் இருக்கும்.

வெள்ளையாகுமா மதினி?

ஆகாது. ஒரு வாரத்துல வெள்ளையாக்குற எதையும் கிட்டச் சேக்காதீங்க, அந்த மாதிரி கிரீம்ல பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு இருக்கு.

பரு, தேமல், பொடுகுக்கு?

மூணுக்கும் மருந்து இல்ல. தேமலும் பொடுகும் தோல்ல இருக்குற ஒரு பூஞ்சையால வர்றது, வேர்வையில இன்னும் பெருகும், அதுக்கு பூஞ்சைக்கான ஷாம்புவும் லோஷனும்தான், தோல் டாக்டரப் பாருங்க. பருவுக்கு பன்னீர்ல எலுமிச்சை பிழிஞ்சு போட்டு வெயில்ல போயி கன்னம் கருத்துப்போனவங்கள எனக்குத் தெரியும். வேர்க்குருவுக்கு ஃப்ரிட்ஜுல வச்ச பன்னீர் சொகமா இருக்கும், குளுர்ச்சிதான் காரணம், காத்தோட்டமா பருத்தித் துணி உடுத்துறதுதான் வைத்தியம்.

வெயில்ல கறுக்காம இருக்க பன்னீர் அடிச்சிட்டுப் போறேன்னு ஏலத்துக்கு மீன் எடுக்கப் போற ஒரு அக்கா சொல்லிச்சு. பன்னீர் வெயில நிறுத்தாது அக்கா. சன்ஸ்கிரீன், இல்லன்னா தலையில முக்காடு. திரும்பி வந்த பெறகு பன்னீர்.

கண்ணுல விடலாமா? குடிக்கலாமா? கொழந்தைக்கு?

கண்ணுல விடவே கூடாது. எங்க அம்மாச்சி விட்டுச்சு, எங்களுக்கும் விட்டுச்சு, இருந்தாலும் கூடாது. கண் மருந்து கிருமி இல்லாம தயாரிக்கிறது, இது அப்படி இல்ல. குளுந்த பன்னீர்ல பஞ்ச நனச்சு கண்ண மூடிக்கிட்டு மேல வைக்கலாம், எரிச்சலுக்கு எதமா இருக்கும். குடிக்கிறதுக்கு சாப்பாட்டுப் பன்னீர்னு தனியா வருது, அத வாங்குங்க. பச்சக் கொழந்தைக்கு ஒண்ணுமே வேணாம், கொழந்தைக்கு அதோட வாசமே போதும்.

கடல்ல எறங்குறவங்களுக்கு உபயோகப்படுமா?

சின்னப்பாலத்துப் பக்கம் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க நாள் பூரா தண்ணியில இருப்பாங்க, வெரல்ல துணியச் சுத்திக்கிட்டுதான் முங்குவாங்க, இருந்தும் கை பூரா கீறல். பாறை கிழிச்ச காயத்துல பன்னீர் ஊத்தாதீங்க. நல்ல தண்ணியில கழுவி மருந்து போட்டு ஊசி போட்டாச்சான்னு கேட்டுக்கங்க, பவளப்பாற காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

சொறி, அதான் ஜெல்லி மீன், பட்டா இன்னும் முக்கியம். அரிப்புக்கு எதமா இருக்கும்னு பன்னீரோ நல்ல தண்ணியோ ஊத்துனா, தோல்ல ஒட்டிக்கிட்டு வெடிக்காம இருக்குற கொடுக்கு எல்லாம் அந்த நல்ல தண்ணி பட்டதும் வெடிச்சு இன்னும் வெஷத்த எறக்கும். மொதல்ல கடத் தண்ணியில அலசணும், தேய்க்கக் கூடாது, அப்பறம் ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குனா யோசிக்கவே வேணாம், ஓடிருங்க.

முடிக்கு ஒரு வழி இருக்கு. கடல்ல எறங்குறதுக்கு முன்னாடியே தலைய நல்ல தண்ணியில நனச்சு தேங்காண்ணெய் தடவிக் கட்டிக்கணும், ஏற்கனவே தண்ணி குடிச்ச முடி உப்புத் தண்ணிய அவ்வளவா இழுக்காது. வந்ததும் அலசணும். பன்னீர் அதுக்கெல்லாம் பெறகுதான், ஈரத்தலையில நுனிக்கு மட்டும் தெளிச்சு பெரிய பல்லு சீப்பால சிக்கெடுத்து ஒரு சொட்டு எண்ணெய். வெறும் பன்னீர வறண்ட முடியில நாள் பூரா அடிச்சிக்கிட்டே இருந்தா நனஞ்சு காஞ்சு நனஞ்சு காஞ்சு இன்னும் வெடிப்புதான் வரும்.

முடி வளருமா?

வாசமா இருக்கும். வளராது. கொத்துக்கொத்தா கொட்டுதுன்னா ரத்தத்துல இரும்புச்சத்து, தைராய்டு ரெண்டையும் பாக்கச் சொல்லுவேன்.

ரோஜா எண்ணெய ரெண்டு சொட்டு தண்ணியில விட்டா பன்னீர் ஆயிராதா?

ஆகாது, எண்ணெய் மேல மிதக்கும். குலுக்கி அடிச்சிங்கன்னா எங்கயோ ஒரு எடத்துல முழு எண்ணெயா விழுந்து தோல சுடும். லாவெண்டர், டீ ட்ரீ எல்லாத்துக்கும் இதே கதைதான்.

எங்க வீட்டு ஆம்பளைங்க ஷேவ் பண்ணிட்டு போடலாமா?

தாராளமா. எரியுற லோஷனுக்கு இது தேவல. பாட்டில் புதுசா இருக்கணும், மேல சித்தி மக கதைய ஒரு தடவ படிச்சிட்டு போடச் சொல்லுங்க.

வடிச்ச பெறகு பானையில மிஞ்சுற தண்ணியக் கொட்டிரணுமா?

ஏன் கொட்டணும், ஆவியில ஏறாத அத்தனையும் அதுலதான கெடக்கு. பழுப்பா டீ டிகாஷன் மாதிரி இருக்கும், வாயில வச்சா தொவர்க்கும். ஆறவச்சு வடிகட்டி அன்னைக்கே குளிக்கிற வாளியில கலந்துருவேன், வெள்ளத் துண்டால தொடச்சா கறை பிடிக்கும் பாத்துக்கங்க. போர் தண்ணியில வடிச்சிருந்தா மட்டும் அந்த மிச்சத்தக் கொட்டிருங்க, வந்த உப்பு பூரா அதுலதான் இருக்கும், செடிக்கும் ஊத்தாதீங்க. ஒரு தடவ நான் மல்லி நாத்துக்கு ஊத்திட்டு எங்க வீட்டுக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். சக்கையா இருக்குற இதழ மட்டும் அலசி எருக்குழியில போட்டுருவேன்.